விவசாயியின் நாட்கணக்கு

பணம் கைமாறினால் அதற்கு ரசீது உண்டு. நெல் களத்தை விட்டுப் புறப்பட்டால் மரக்கால் கணக்கு உண்டு. ஆனால், நாட்கள் கழிவதற்குப் பெரும்பாலான குடும்பங்களில் எக்கணக்கும் கிடையாது. இழந்த பணத்தை அடுத்த விளைச்சலில் ஓரளவு ஈட்டிக்கொள்ளலாம். தவறிய பருவத்தையோ மறு ஆண்டு வரையில் காத்திருந்தே அடையவேண்டும். ஆதலால், கடனுக்குத் தவணை குறிப்பதுபோல வேலைக்கும் தவணை குறித்துக்கொள்ளுதல் விவசாயிக்கு இன்றியமையாததாகும்.

கூட்டுறவு நாணய சங்கங்கள் ஏற்பட்ட நோக்கமும் இதனோடு சம்பந்தமுடையதே. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. அவ்வாண்டிலேயே, அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திரூரில், சென்னை மாகாணத்தின் முதலாவது கிராம நாணய சங்கம் பதிவு செய்யப்பெற்றது. குறைந்த வட்டிக்குப் பணம் கொடுப்பது மட்டும் இத்தகைய சங்கங்களின் கருத்தன்று. வேண்டிய பணம் வேண்டிய காலத்தில் கிடைக்கவேண்டும் என்பதும் அதற்கு ஒப்பான கருத்தாகும். நடவு முடிந்தபின் வந்து சேரும் நடவுக் கடனால் யாருக்கு என்ன பயன்?

காவிரிப் பாசனத்தில் சம்பா பயிரிடும் இரண்டு அங்கத்தினர்களை உதாரணமாகக் கொள்க. இருவருக்கும் நிலம் சமம். நாற்று விட்ட நாளும் ஒன்றே. ஒருவர் நாற்று விடுவதற்கு ஒரு மாதம் முன்னரே கடன் மனுவைச் சங்கத்தில் சேர்ப்பித்துவிட்டார். மற்றவர் நாற்று வளர்ந்து நடவுக்கு ஆள் தேடும் சமயத்தில்தான் மனுவோடு வந்தார். மனுவை நிர்வாக சபையார் கூடி ஆலோசிக்கவேண்டும், ஜாமீனைப் பார்க்கவேண்டும், மத்திய பாங்கியிலிருந்து பணம் வரவேண்டும். இவற்றிற்குப் பதினைந்து நாட்கள் ஆயின என்று கொள்க. நீண்டகாலச் சம்பா நாற்று 30 முதல் 35 நாட்களுக்குள் நடவேண்டியது. அது 50 நாள் நாற்றங்காலில் நின்றால் முற்றிப்போகும். நட்டபின் தூர் கட்டுவது குறையும். கதிர் வாங்குவதும் பிந்தி, வாய்க்காலில் நீர் குறையும் காலத்தில் பயிர் தண்ணீருக்குத் தவிக்கும்.

இதற்கு அஞ்சி அவர் லேவாதேவிக்காரரிடம் சென்றால் நிகழ்வது என்ன? நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டியென்றால், 1,000 ரூபாய்க்கு ஆறு மாதத்தில் 180 ரூபாய் ஆகும். சங்கத்தில் நூற்றுக்கு ஆண்டுக்கு 7 ரூபாய் வட்டியென்றால், அதே தொகைக்கு அதே காலத்திற்கு 35 ரூபாய்தான். மிகுதியான 145 ரூபாயும் பதினைந்து நாள் தாமதத்திற்கு அவர் கொடுத்த விலையேயன்றி வேறல்ல. சங்கம் இருந்தும் பழைய கடன்காரரின் வாசலுக்கே பலர் திரும்பிச் செல்வதற்கு, வறுமை மட்டுமன்றி இத்தாமதமும் ஒரு காரணமாகும்.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. வேலையை முடிக்கவேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணவேண்டும். புரட்டாசி முதல் வாரத்தில் நடவு என்றால், ஆவணி முதல் வாரத்தில் நாற்று விடவேண்டும். ஆடி முதல் வாரத்தில் மனு சங்கத்தில் இருக்கவேண்டும். ஆனி மாதத்திலேயே சிட்டா, அடங்கல் நகல்களும் ஜாமீன்தாரின் சம்மதமும் கைக்கு வந்திருக்கவேண்டும். எருவுக்கும் இதே கணக்குத்தான். இந்தூரில் 1924 முதல் 1931 வரை ஆராய்ச்சி நடத்திய ஆல்பர்ட் ஹோவர்டு, செத்தை, சாணம், மூத்திரம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, ஈரம் காயாமல் காத்து, இடையிடையே புரட்டிவிட்டால் ஏறக்குறைய மூன்று மாதங்களில் நல்ல மக்கு எரு கிடைக்கும் என்று காட்டினார். ஆகவே, ஆவணி உழவுக்கு எரு வேண்டுபவர் வைகாசியிலேயே குப்பையை அடுக்கிவிடவேண்டும்.

வேலையற்ற காலமே இவ்வேலைகளுக்கு உரிய காலம். 1926இல் நியமிக்கப்பெற்று 1928இல் அறிக்கை வெளியிட்ட ராயல் விவசாயக் கமிஷன், இந்திய விவசாயிகளில் மிகப் பலருக்கு ஆண்டில் இரண்டு முதல் நான்கு மாதங்கள் முற்றிலும் ஓய்வாக இருக்கின்றன என்று கண்டது. தை அறுவடைக்குப்பின் வரும் அம்மாதங்களில் வரப்புச் செப்பனிடுதல், வாய்க்கால் தூர் வாருதல், விதை நெல்லைக் காயவைத்துப் பாதுகாத்தல், கலப்பையையும் வண்டியையும் பழுது பார்த்தல், சங்கக் கணக்கைச் சரி பார்த்தல் ஆகியவற்றை முடித்துவிட்டால், பருவ காலத்து நாள் ஒவ்வொன்றும் வயலுக்கே உரியதாகும்.

நிற்க. தனியொருவர் எவ்வளவு முயன்றாலும் மிச்சம் பிடிக்க இயலாத நாட்களும் உண்டு. இருபது அங்கத்தினர்கள் உரம் வாங்கத் தனித்தனியே நகருக்குச் சென்றால், ஒருவருக்கு ஒரு நாளாக இருபது நாட்கள் செலவாகும். சங்கம் பட்டியல் எடுத்து, இரண்டு வண்டிகளை இரண்டு ஆட்களோடு அனுப்பினால் இரண்டே நாட்களின் உழைப்பில் காரியம் முடியும். பதினெட்டு நாட்கள் கிராமத்திற்கு மிஞ்சும். விளைபொருளைச் சந்தைக்கு அனுப்புவதிலும் இவ்வாறே. சிறு தொகைகள் சேர்ந்து சங்கத்தின் மூலதனம் ஆவதுபோல, பலருடைய நேரமும் ஒன்றுசேர்ந்தால் பெரும் பலன் தரும்.

பெண்களுடைய நேரத்தையும் இக்கணக்கில் சேர்க்கவேண்டும். தூரத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்துவர நாள்தோறும் ஒரு மணி நேரம் வீணானால், ஆண்டில் 365 மணி நேரம் போகிறது. நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று கொண்டால், அது 45 நாட்களுக்கு மேல் ஆகும். தெருவிலுள்ள பாழடைந்த கிணற்றைக் கோடையில் அனைவரும் சேர்ந்து தூர் வாரினால், அந்த 45 நாட்கள் ஒவ்வொரு வீட்டிற்கும் மீளும். அவற்றுள் ஒரு பங்கு அவர்களுக்கு ஓய்வாகவே அமைந்தாலும் அது வீணன்று. அளவான ஓய்வும் திருவிழாவும் உழைப்புக்குப் பகையல்ல. முன்கூட்டியே அறிந்து ஒதுக்கிய நாள் ஒருபோதும் விரயமாகாது.

சங்கத்தை நடத்துவோருக்கும் இதில் கடமை உண்டு. காரியதரிசி இல்லாமையால் அங்கத்தினர் ஒருவர் மூன்று முறை வந்து திரும்பினால், அவருடைய மூன்று நாட்களைச் சங்கம் பறித்துக்கொண்டதாகவே பொருள்படும். அலுவலகம் திறக்கும் நேரமும், நிர்வாக சபை கூடும் தேதியும், மனு பெறும் கடைசி நாளும் சங்கத்தின் வாசலில் எழுதியிருக்கவேண்டும். எழுதியபடி நடக்கவும் வேண்டும். அங்கத்தினர் தவணை தவறினால் அபராத வட்டி கேட்கும் சங்கம், தானும் தவணை தவறாமல் இருத்தலே நியாயம்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் மாலை அங்கத்தினர்கள் சங்கத்தில் கூடி, அவரவர் நடவு நாளையும், அதிலிருந்து பின்னோக்கி எண்ணிய மனு நாளையும், வேண்டிய உரத்தின் அளவையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்களாக. அதற்குச் செலவு ஒரு தாளும் ஒரு மாலைப் பொழுதுமே. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பழமொழி. ஆடி வருமுன்னரே அப்பட்டத்திற்கு ஆயத்தமாக இருப்பவருக்கே அது பயன் தரும்.