டிரம்ஸ் இல்லாத ராக்

2006-இல் அயர்லாந்தின் ஆல்பம் விற்பனைப் பட்டியலில் நேராக முதலிடத்துக்கு வந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள் அல்லர். மெக்சிகோவிலிருந்து வந்து, டப்ளின் தெருவில் கிதார் வாசித்துப் பிழைத்த ரோட்ரிகோ சான்செஸ், கேப்ரியேலா கின்டெரோ என்ற இருவர். அந்த ஆல்பத்தில் பாட்டே கிடையாது, வெறும் வாசிப்புதான்.

மெக்சிகோ நகரில் இவர்கள் ‘டியர்ரா ஆசிடா’ என்ற திராஷ் மெட்டல் குழுவில் இருந்தார்கள். காதைப் பிளக்கும் எலெக்ட்ரிக் கிதார் இசை அது. குழு எங்கும் எடுபடவில்லை. 1999-இல் கையில் அக்கூஸ்டிக் கிதார்களோடு டப்ளின் போய் இறங்கினார்கள். ஆங்கிலம் சரியாக வராது. ஆனால் அந்த ஊரின் கிராஃப்டன் தெருவில் வாசிக்க மொழி தேவையில்லை. வாகனம் நுழையாத கடைத்தெரு. பாட்டுக்காரர்கள் நின்று பாடுவது அங்கே பழைய வழக்கம்.

கடைக்குப் போகிறவரை நிறுத்தி வைக்க மெல்லிய மெட்டு போதாது, தாளம் வேண்டும். டிரம்ஸ் இல்லாத இவர்களுக்குக் கிதாரே டிரம்ஸ் ஆயிற்று. ரோட்ரிகோ மெட்டை வாசிக்க, கேப்ரியேலா தந்திகளை மீட்டிக்கொண்டே கடம் வாசிப்பவரைப் போல உள்ளங்கையாலும் விரல்களாலும் கிதாரின் மரப்பெட்டியைத் தட்டுகிறார். தந்தி நைலான் என்பதால் பலரும் ஸ்பெயினின் ஃபிளமென்கோ இசை என்று நினைத்துவிடுகிறார்கள். இருவரும் அதை மறுத்தே வந்திருக்கிறார்கள். உள்ளே ஓடுவது மெட்டல்தான் என்பதற்கு அந்த 2006 ஆல்பத்தில் இவர்கள் வாசித்த, மெட்டாலிகா குழுவின் ‘ஓரியன்’ சாட்சி.

டப்ளினில் பாடகர் டேமியன் ரைஸின் நட்பு கிடைத்தது. அவருடைய கச்சேரிகளுக்கு முன்னால் வாசித்தார்கள். 2006 ஆல்பத்தைத் தயாரித்தவர் ரேடியோஹெட் குழுவின் ‘தி பெண்ட்ஸ்’ ஆல்பத்தைத் தயாரித்த ஜான் லெக்கி. அயர்லாந்துப் பட்டியலில் இவர்களுக்குப் பின்னால் நின்றவர்களில் ஆர்க்டிக் மங்கீஸ் என்ற ராக் குழுவும் உண்டு.

என் கணிப்பில், பாடகர் இல்லாததே இவர்களுக்குப் பெரிய வசதி. ஸ்பானிஷில் பாடியிருந்தால் ‘உலக இசை’ என்று ஓரத்தில் ஒதுக்கியிருப்பார்கள். ஆங்கிலத்தில் பாடியிருந்தால் ஆயிரம் பேரோடு இன்னும் இருவர், அவ்வளவுதான். வெறும் வாசிப்பு இவர்களை வெகுதூரம் கொண்டுபோனது. 2010-இல் மெக்சிகோ அதிபருக்கு அமெரிக்க அதிபர் ஒபாமா வெள்ளை மாளிகையில் விருந்தளித்தபோது, இவர்களையும் வாசிக்கக் கூப்பிட்டார்கள். அடுத்த ஆண்டு ‘பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்’ நான்காம் பாகத்தில் ஹான்ஸ் ஸிம்மரோடு சேர்ந்தார்கள்.

கிராமி விருது வர 2020 ஆயிற்று. ‘மெட்டவொல்யூஷன்’ ஆல்பத்துக்கு, அதுவும் ராக் பிரிவில் அல்ல, தற்கால வாத்திய இசைப் பிரிவில். அந்த ஆல்பத்திலோ ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் ‘எக்கோஸ்’ மட்டுமே ஏறக்குறைய 19 நிமிடம் ஓடுகிறது.