வீட்டுத் தோட்டத்தில் சரக்கொன்றை

கடம்பத்தூர்ப் பகுதிக் கிராமங்களில் வீட்டு முற்றத்திற்கு அழகும் நிழலும் வேண்டுவோர் செம்மலர் பூக்கும் மயிற்கொன்றையை நாடுவதுண்டு. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த அம்மரம் விரைவாக வளரும். ஆயினும் அதன் வேர் ஆழச் செல்லாது. கிளை எளிதில் முறியும். 2016-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னையருகே கரை கடந்தபோது, சாய்ந்த மரங்களில் மயிற்கொன்றைகள் பல. ஓட்டு வீட்டின்மேல் மரம் விழுந்தால் நஷ்டம் குடும்பத்தையே சாரும். ஆகையால் வீட்டருகே நடுவதற்கு, உயரத்தில் அடங்கி நிற்கும் நம் நாட்டுச் சரக்கொன்றையே உசிதமானது. சித்திரை, வைகாசியில் அது பொன்னிறச் சரங்களாய்ப் பூக்கும்.

விதை: இதன் விதைத்தோல் மிகக் கடினமானது. முற்றிய விதையைச் சொரசொரப்பான கல்லில் சற்றுத் தேய்த்து, ஓர் இரவு நீரில் ஊறவைத்து விதைத்தல் வேண்டும். தேய்க்காத விதை முளைப்பது அரிது.

நடவு: சுவரிலிருந்தும் கிணற்றிலிருந்தும் 15 அடி தள்ளி, 2 அடி ஆழக் குழி வெட்டி, மக்கிய தொழுவுரமும் மண்ணும் கலந்து நிரப்புக. ஐப்பசி மழையில் நடுதல் நலம். நீர் தேங்கும் இடம் ஆகாது.

பராமரிப்பு: முதல் இரண்டு கோடைகளில் நீர் தவறினால் கன்று பிழையாது. ஆடு மாடு அணுகாதபடி முள்வேலி அவசியம். பூக்கப் பல ஆண்டுகள் செல்லும்; பொறுமை வேண்டும். காய்ச்சதை பேதியுண்டாக்குமாதலால் குழந்தைகள் தின்னாமற் காத்தல் வேண்டும்.

ஒரு காயிலேயே விதைகள் பல உண்டு. சங்க அங்கத்தினர் ஒருவர் நாற்று வளர்த்தால், தெருவிலுள்ள அனைவருக்கும் கன்று கிடைக்கும்.