தமிழில் வளர்ச்சி, மூப்புச் சொற்கள்

தமிழில் வளர்தலையும் மூப்பையும் குறிக்கும் சொற்களில் பெரும்பாலானவை இள, மூ, முது, முதிர், வளர், பழு போன்ற சில அடிகளிலிருந்து ஈறு சேர்ந்து உருவானவை. இவற்றுள் பல மனிதருக்கும் மரத்துக்கும் பயிருக்கும் பொதுவானவை. திருநெல்வேலி மாவட்டத்தின் ராதாபுரம் போன்ற பனை மிகுந்த வட்டாரங்களில் இந்தப் பொதுமையைத் தெளிவாகக் காணலாம்.

சொல்லாக்கம்

மூ என்பது வினையடி. மூத்தான், மூப்பான் என்று காலம் காட்டும். ‘ப்பு’ ஈறு பெற்று மூப்பு என்ற பெயராகும். இதன் இனமான முது, ‘மை’ ஈறு பெற்று முதுமை ஆகிறது. முதிர் என்பது முதிர்ச்சி, முதிர்வு ஆகிறது. கன்னடத்தில் கிழவரைக் குறிக்கும் முதுக, தெலுங்கின் முதுசலி ஆகியவையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை.

இள என்பதன் நடத்தை வேறு. அதிலிருந்து இளமை, இளைஞன், இளையவன் ஆகியவை பிறக்கின்றன. ஆனால் மூத்தான் என்பதற்கு எதிராக, இளமை அடைந்தான் என்ற பொருள் தரும் வினைமுற்று இதிலிருந்து அமைவதில்லை. ‘இளைத்தான்’ என்றால் மெலிந்தான், களைத்தான் என்றே பொருள். ‘மூத்த’ என்பது இறந்தகாலப் பெயரெச்சம். ‘இளைய’ என்பதில் காலம் இல்லை. அதாவது மூப்பு ஒரு நிகழ்வாகவும், இளமை ஒரு நிலையாகவும் சொல்லப்படுகின்றன.

வளர்ந்தான் என்பதற்கு வளர்த்தான் என்ற பிறவினை உண்டு. மெல்லொற்று வல்லொற்றாகும்போது தானே வளர்வது பிறரை வளர்ப்பதாக மாறுகிறது. இம்மாற்றத்தைத் திராவிட மொழிகளின் பொது இயல்புகளில் ஒன்றாக ராபர்ட் கால்டுவெல் தமது ஒப்பிலக்கண நூலில் (1856) விளக்கினார். ராதாபுரம் பகுதியின் இடையன்குடியில்தான் அவர் 1841 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வாழ்ந்தார். மூத்தான் என்பதற்கு இத்தகைய பிறவினை வழக்கில் இல்லை. பிள்ளையை வளர்க்கலாம்; யாரையும் மூக்கச் செய்வதற்குத் தனிச்சொல் தேவைப்படவில்லை போலும்.

மூத்தவர் முதியவர் அல்லர்

ஒரே அடியிலிருந்து வந்தாலும் மூத்தவர், முதியவர் என்பன ஒன்றல்ல. பத்து வயதுச் சிறுவன் தன் தம்பிக்கு மூத்தவன்; அவன் முதியவன் ஆக மாட்டான். மூத்தாள், இளையாள் என்பன இரு மனைவியர் உள்ள வீட்டில் மண வரிசையைக் குறிக்கும், வயதையல்ல. மூப்பர் என்ற சொல் விவிலியத் தமிழில் சபைப் பெரியவரைக் குறிக்கிறது.

பெண்ணின் பருவங்களைப் பாட்டியல் நூல்கள் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழாகப் பகுத்தன. கடைசிப் பருவம் நாற்பது வயதை ஒட்டி முடிகிறது. அதன் பெயரிலும் ‘இளம்’ இருக்கிறது என்பதும், அதற்கு அப்பால் ஒரு பருவத்துக்கும் பெயர் வைக்கப்படவில்லை என்பதும் கவனத்துக்குரியவை. இது உலா பாடிய புலவரின் பார்வை, வீட்டில் வழங்கிய பேச்சு அல்ல.

பனையும் மனிதரும்

பனையின் வயதுச் சொற்கள் மிகப் பல. கொட்டை முளைத்துக் கிழங்காகும். கிழங்கை எடுக்காமல் விட்டால் கன்றாகி, பின் வடலி ஆகும். முதிர்ந்த மரம் வைரம் பாயும். ஓலையில் குருத்தோலை, சாரோலை, காவோலை என்றும், காயில் குரும்பை, நுங்கு, பனங்காய், பனம்பழம் என்றும் படிநிலைகள் உண்டு. இவற்றில் சில இட்டுக்கட்டிய பெயர்கள் அல்ல, தொழிலுக்கு வேண்டிய அளவீடுகள். நுங்கு முற்றிவிட்டால் உண்ண முடியாது. ஓலை முற்றாவிட்டால் கூரைக்கு உதவாது. பனையேறுவோர் குறையக் குறைய இச்சொற்களும் குறைகின்றன. நகரத்தார் பலருக்கு நுங்கும் கிழங்கும் தெரியும், சாரோலை தெரியாது.

இப்பகுதியின் ஊர்ப் பெயர்களிலும் இச்சொற்கள் தங்கியுள்ளன. பணகுடி அருகேயுள்ள வடலிவிளை அத்தகையது. பொங்கலின்போது இங்கு இளவட்டக்கல் தூக்கும் போட்டி நடைபெறுகிறது, பெண்களும் கலந்துகொள்கின்றனர். இளவட்டம் என்பது இளைஞர் கூட்டத்தையும், அதில் உள்ள ஒருவரையும் குறிக்கும் பேச்சுச் சொல்.

முற்றுதல், பழுத்தல், முதிர்தல், தளர்தல் ஆகியவை மரத்துக்கும் மனிதருக்கும் ஒருங்கே வருகின்றன. ‘பழுத்த கிழம்’ என்பதில் பழத்தின் கனிவைவிட உதிரப்போகும் நிலையே முன் நிற்கிறது; ‘அனுபவம் முதிர்ந்தவர்’ என்பதில் அந்த அச்சம் இல்லை.

முதுமக்கள், கிழவர், பெரியவர்

தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் கிடைத்த ஈமப் பானைகள் முதுமக்கள் தாழி எனப்படுகின்றன. உடல் சுருங்கியும் உயிர் பிரியாத முதியவர்களை இதில் வைத்தார்கள் என்ற கதை ஊர்களில் வழங்குகிறது. ஆனால் இளம் வயதில் இறந்தோரின் எலும்புகளும் தாழிகளில் கிடைத்துள்ளன. இங்கே முதுமக்கள் என்பதை முன்னோர் என்று கொள்வதே பொருந்தும். முதுகுடி என்பதிலும் ‘முது’ தொன்மையையே சுட்டுகிறது.

கிழவன் என்பது பழைய தமிழில் உரியவன், தலைவன் என்ற பொருளில் வந்தது. தொல்காப்பியத்தில் கிழவன், கிழத்தி என்போர் அகத்திணைத் தலைமக்கள். நிலக்கிழார் என்ற சொல்லிலும், ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளிலும் உரிமை என்ற பொருள் எஞ்சியுள்ளது. இன்று நேரில் ஒருவரைக் கிழவன் என்பது வசை. அரசு ஆவணங்கள் முதியோர், மூத்த குடிமக்கள் என்ற சொற்களை ஆள்கின்றன. ஊரில் அவ்விரண்டும் விளிச்சொற்கள் ஆவதில்லை. ஆணைத் தாத்தா என்றும், பெண்ணை ஆச்சி என்றும் அழைக்கிறார்கள். உறவு தெரியாத இடத்தில் பெரியவரே என்பார்கள். அது வயதைச் சொல்லும் எந்த அடியிலிருந்தும் வந்ததல்ல, ‘பெரு’ என்ற அடியிலிருந்து வந்தது.