விசில் ஊதுறவரோட கதை தெரியுமா?

நெய்வேலிக்காரங்களுக்கு ஒரு கொடுப்பினை இருக்கு. அளவெடுத்துப் போட்ட மாதிரி நேர் நேரா ரோடு, ரெண்டு பக்கமும் மரம், நம்பர் போட்ட வட்டங்கள், நடுவுல பாரதி விளையாட்டரங்கம். டவுன்ஷிப்பைத் தாண்டினா செம்மண்ணும் முந்திரித் தோப்பும். சென்னையில் ஒரு மாணவர் 10 கிலோமீட்டர் ஓடணும்னா ஆட்டோ, பஸ், நாய், சிக்னல் எல்லாத்துக்கும் வழி விட்டுத்தான் ஓடணும். நீங்க விடிகாலையில் ஷூ லேஸைக் கட்டினா போதும். முதல் ஷிஃப்ட்டுக்குக் கிளம்புறவங்க தவிர ரோட்டுல யாரும் இருக்க மாட்டாங்க.

சரி, ஓடுறவங்களைப் பத்தி நிறைய எழுதியாச்சு. ஓரமா ஸ்டாப் வாட்ச்சும் விசிலுமா நிக்கிறாரே, உங்க காலேஜ் பி.டி. சார்... அவர் அந்த இடத்துக்கு எப்படி வந்தார்? நாளைக்கு அந்த விசில் உங்க கழுத்துல தொங்கணும்னா என்ன செய்யணும்? இந்த வாரம் அதைப் பார்ப்போமா?

'ஓடு ஓடுன்னு கத்துறதெல்லாம் ஒரு வேலையா?'ன்னு கேக்குறவங்களுக்கு முதல்ல ஒரு கணக்கு. கிராஸ் கன்ட்ரி தனி ஆள் ஓட்டம் மாதிரி தெரியும். ஆனா அது டீம் ஆட்டம். உலகப் போட்டியில் ஒரு டீமுக்கு ஆறு பேர் ஓடுவாங்க, முதல் நாலு பேரோட இடம் மட்டும் கணக்கு. எத்தனாவது இடமோ அத்தனை பாயின்ட். கூட்டினா யாருக்குக் குறைச்சலோ அவங்களுக்குத்தான் கோப்பை. உங்க டீம் ஆளுங்க 3, 9, 14, 40-வது இடத்துல வந்தா மொத்தம் 66. எதிர் டீம் 11, 13, 15, 18-ன்னு வந்தா 57. முதல் பத்துல ஒருத்தர்கூட இல்லாம அவங்க ஜெயிச்சுட்டாங்க பாருங்க! அதனால நல்ல கோச்சுக்குத் தூக்கம் கெடுறது ஸ்டாரை நினைச்சு இல்ல; அந்த நாலாவது ஆளை நினைச்சுத்தான். அவனை 40-லிருந்து 25-க்குக் கொண்டு வர்றதுதான் ஒரு சீசனோட வேலை.

அதை எப்படிச் செய்றது? தினமும் உயிரைக் கொடுத்து ஓடவிட்டாலா? அங்கேதான் பலர் கோட்டை விடுறாங்க. அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் 1948-ல இருந்து 1972 வரைக்கும் கோச்சா இருந்தவர் பில் பௌவர்மேன். ஒரு நாள் கடுமையான பயிற்சின்னா மறுநாள் லேசா ஓடணும்னு பிடிவாதமா சொன்னவர். காரணம் சிம்பிள். கடினமா ஓடினா தசையில் சேர்த்து வச்ச கிளைகோஜன் காலியாகும், தசை நார்களும் லேசா சேதமாகும். அதெல்லாம் சரியாக ஒன்றிரண்டு நாள் ஆகும். பலம் ஏறுறது ஓடும்போது இல்ல, ஓய்வுல. மனுஷர் அதோட நிக்கல. வீட்டில் மனைவி வாஃபிள் சுடுற அச்சில் ரப்பரை ஊத்தி, பிடிமானமான ஷூ அடிப்பாகம் செஞ்சு பார்த்தார். அச்சு வீணாப் போச்சு. அவரும் அவரோட பழைய மாணவர் ஃபில் நைட்டும் 1964-ல தொடங்கின கம்பெனிதான் பின்னாடி நைக்கி ஆச்சு!

நம்ம ஊருக்கு வருவோம். 'பி.டி. மாஸ்டர்'ங்கிற ஆளே நமக்கு எங்கேயிருந்து வந்தார் தெரியுமா? 1920-ல ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர், சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. சார்பா உடற்கல்வி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர ஒரு பள்ளி தொடங்கினார். இன்னைக்கு நந்தனத்தில் இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியைக் கூட்டிட்டுப் போனவரும் அவர்தான். உங்க பி.டி. சாரோட குருவுக்குக் குரு யாருன்னு தேடிக்கிட்டே போனா, பல பேருக்கு அந்த மைதானத்துலதான் போய் முடியும்.

இப்போ இந்த வேலையோட இன்னொரு முகம். இதைச் சொல்லாம விட்டா உங்களை ஏமாத்தின மாதிரி ஆயிடும்.

புதுக்கோட்டை மாவட்டம் கதக்குறிச்சி. செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்த அப்பா, அம்மா. ஓடக் கத்துக்கொடுத்தது தாத்தா. அப்படி வந்தவர் சாந்தி சௌந்தரராஜன். விளையாட்டை வச்சே கல்லூரிக்குள்ள போனவர். 2005-ல இன்சியான் ஆசிய தடகளத்தில் 800 மீட்டர் வெள்ளி. 2006 டிசம்பர், தோஹா ஆசிய விளையாட்டு. மறுபடியும் 800 மீட்டர், 2 நிமிடம் 3.16 விநாடி, மறுபடியும் வெள்ளி. ஊரே கொண்டாட ஆரம்பிச்ச நேரத்துல பாலினப் பரிசோதனைன்னு சொல்லி அந்தப் பதக்கத்தைப் பறிச்சுட்டாங்க. ஊக்கமருந்து இல்ல, ஏமாத்து வேலை இல்ல. பிறந்த உடம்போட ஓடினார், அவ்வளவுதான். அந்தரங்கமா இருக்க வேண்டிய விஷயம் டி.வி.யில் ஓடுச்சு. ஓட்டக்காரியா அவர் வாழ்க்கை 25 வயசுல முடிஞ்சுபோச்சு.

கோச் சாந்தியோட கதை அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. அப்போதைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தார். வேற யாரா இருந்தாலும் அதை பேங்க்ல போட்டுட்டு வீட்டுக்குள்ள இருந்திருப்பாங்க. இவர் புதுக்கோட்டையில் பசங்களுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்க ஆரம்பிச்சார். 2009-ல அவர்கிட்ட 68 பேர் கத்துக்கிட்டாங்க. சென்னை மாரத்தானில் அவரோட மாணவர்கள் பரிசும் வாங்கினாங்க. தன்னோட பதக்கம் போன ஒருத்தர், அடுத்தவங்க பதக்கத்துக்காக தினமும் மைதானத்துக்குப் போய் நின்னாங்கன்னா அதுக்கு எவ்வளவு தெம்பு வேணும்னு யோசிச்சுப் பாருங்க!

ஆனா வயிறுன்னு ஒண்ணு இருக்கே. கிடைச்சது ஒப்பந்த அடிப்படையிலான பயிற்சியாளர் வேலை. நிரந்தரம் இல்ல, சம்பளமும் சொற்பம். 2012-ல அவர் மறுபடியும் செங்கல் சூளையில் தினக்கூலிக்கு நிக்கிற செய்தி பேப்பர்ல வந்தப்பதான் நாடு திரும்பிப் பார்த்துச்சு. ஆசியப் போட்டியில் ஓடின ஒருத்தரை கோச்சா வச்சுக்க நமக்கு இடமில்லாமப் போனது வெட்கக்கேடு. இதை வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

அதுக்குப் பிறகு பெங்களூரு 'சாய்' மையத்தில் என்.ஐ.எஸ். டிப்ளமோவில் சேர்ந்து முடிச்சார். தோஹாவுக்குப் பத்து வருஷம் கழிச்சு, 2016-ல தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைச்சது. பதக்கத்துக்கான போராட்டத்தை அவர் அப்பவும் விடல. கவனிச்சீங்களா? அனுபவமும் சாதனையும் இருந்த ஒருத்தருக்கே கையில் டிப்ளமோ தேவைப்பட்டிருக்கு.

நல்லா ஓடத் தெரிஞ்சவர்தான் நல்ல கோச் ஆகணும்னு சட்டமும் இல்ல. அயர்லாந்துக்காரர் பிரதர் கோல்ம் ஓ'கானல், 1976-ல கென்யாவின் இட்டன் ஊருக்கு பூகோள வாத்தியாராத்தான் வந்தார். தடகளம் பத்தி ஒண்ணும் தெரியாது. பசங்க ஓடுறதை உட்கார்ந்து கவனிச்சுக் கவனிச்சே கத்துக்கிட்டார். அவர்கிட்ட வளர்ந்த டேவிட் ருடிஷா, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 விநாடியில் ஓடி உலக சாதனை படைச்சார்.

உங்களுக்கு ஆசை வந்தாச்சா? ரெண்டு ரூட் இருக்கு, குழப்பிக்காதீங்க. காலேஜ்ல உடற்கல்வி இயக்குநர் ஆகணும்னா ஒரு டிகிரி முடிச்சுட்டு பி.பி.எட்., எம்.பி.எட். படிக்கணும். ஜவகர் அறிவியல் கல்லூரியில் கெமிஸ்ட்ரி படிக்கிறவங்களும் இந்தப் பக்கம் தாவலாம், தப்பில்ல. நெய்வேலியிலிருந்து பக்கம்னா சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே உடற்கல்வித் துறை இருக்கு. காரைக்குடி அழகப்பா, சென்னைக்குப் பக்கத்துல மேலக்கோட்டையூர் உடற்கல்வியியல் பல்கலைக்கழகம், நம்ம பக் துரையோட கல்லூரி எல்லாம் இருக்கு. அப்புறம் 'நெட்' அல்லது 'செட்' தேர்வு. இந்த வேலையில் பயிற்சி மட்டும் இல்ல. அட்டவணை, மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு, பல்கலைக்கழகப் போட்டிக்கு டிக்கெட், பசங்களோட அட்டெண்டன்ஸ் பஞ்சாயத்து எல்லாமே உங்க தலையிலதான். தனியார் கல்லூரின்னா சேரும் முன்னாடியே சம்பளத்தை வாய்விட்டுக் கேட்டுக்கோங்க. கூச்சப்பட்டா நஷ்டம் உங்களுக்கு.

முழுநேரமும் ஓட்டம்தான் வேணும்னா ரெண்டாவது ரூட், கோச். 1961-ல பாட்டியாலாவில் தொடங்கின தேசிய விளையாட்டு நிறுவனத்தோட டிப்ளமோ. பெங்களூருலயும் படிக்கலாம். அங்கே சேர, போட்டிகளில் நீங்க வாங்கின சான்றிதழ் பேசும். அதனால இப்போ கிடைக்கிற மண்டலப் போட்டி சான்றிதழைக்கூட பரண்ல போடாதீங்க, ஃபைல் போட்டு வைங்க.

கடைசியா ஒரு விஷயம். உடற்கல்வி இயக்குநர் வேலைக்கு யு.ஜி.சி. விதிப்படி உடல் தகுதித் தேர்வு உண்டு. 30 வயசுக்கு உட்பட்ட ஆண்கள் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர், பெண்கள் 8 நிமிடத்தில் 1,000 மீட்டர் போகணும். ஓடலாம், நடக்கலாம். டவுன்ஷிப் ரோட்டுல பழகினவங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி! எம்.பி.எட். புத்தகத்தோட ரெண்டு வருஷம் ஹாஸ்டல்ல உட்கார்ந்தே இருந்துட்டு, இன்டர்வியூவுக்கு முந்தின வாரம் ஷூவைத் தேடுறவங்களுக்குத்தான் மூச்சு வாங்கும்.