‘ஓப்பன் சோர்ஸ்’: பொருள் வரையறையும் தமிழாக்கமும்

மென்பொருள் துறையில் தோன்றிப் பிற துறைகளிலும் பரவியுள்ள ‘ஓப்பன் சோர்ஸ்’ என்னும் தொடர், தமிழில் திறந்த மூலம், திறமூலம், திறவூற்று எனப் பலவாறு வழங்குகிறது. இவற்றுள் ஒன்றைத் தேர்வதற்குமுன், அத்தொடர் எதைக் குறிக்கிறது, எதனின்று வேறுபடுகிறது என்பதைத் தெளிதல் வேண்டும்.

1985இல் ரிச்சர்டு ஸ்டால்மன் நிறுவிய அறக்கட்டளை, ‘ஃபிரீ சாப்ட்வேர்’ என்னும் தொடரை முன்னிறுத்தியது. அதில் ‘ஃபிரீ’ என்பது உரிமையைக் குறிப்பது. ஆனால் ஆங்கிலத்தில் அச்சொல் விலையின்மையையும் குறிக்கும். இம்மயக்கத்தைத் தவிர்க்க, 1998 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் கிறிஸ்டீன் பீட்டர்சன் முன்மொழிந்ததே ‘ஓப்பன் சோர்ஸ்’. மூலநிரல் கண்ணுக்குத் தெரிவது மட்டும் இதன் பொருளன்று. அதனை மாற்றவும், மாற்றியதைப் பிறருக்கு வழங்கவும், எத்துறையிலும் பயன்படுத்தவும் உரிமம் இடந்தர வேண்டும். விலை பெறுவதற்குத் தடையில்லை. ஆகவே இங்குத் ‘திறப்பு’ என்பது காட்சியன்று, இசைவாகும்.

இவ்வேறுபாடு அண்டை மொழிகளில் எவ்வாறு அமைகிறது என்பது நோக்கத்தக்கது. மும்பையில் தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப் போன்ற பகுதிகளில் வாழும் தமிழர், இந்தி, மராத்திச் சொற்களை அன்றாடம் கேட்டுப் பழகியவர்கள். விலையின்மைக்கு இந்தியில் ‘முஃப்த்’, மராத்தியில் ‘ஃபுகட்’. தளையின்மைக்கு இரண்டிலும் ‘முக்த’. எனவே ஆங்கிலத்தின் மயக்கம் அங்கில்லை. ஆயின் ‘முக்த’ என்பதே ‘ஓப்பன்’ என்பதற்கும் ஈடாகிறது. ‘ஓப்பன் சோர்ஸ்’ என்பதற்கு ‘முக்த ஸ்ரோத்’ என்பர். 1989இல் நாசிக்கில் தொடங்கப்பெற்ற பல்கலைக்கழகம் ‘முக்த வித்யாபீட்’ எனப்படுகிறது. இதனால் திறப்பும் விடுதலையும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. இந்தி, மராத்தி வடிவங்களினின்று தமிழாக்கம் செய்வோர் ‘முக்த’ என்பதைக் கண்டவிடமெல்லாம் ‘கட்டற்ற’ என எழுதின், இரு கருத்துகளும் கலந்துவிடும். தமிழில் இவை தனித்தே நிற்கின்றன. ‘ஃபிரீ’ என்பதற்குக் ‘கட்டற்ற’ என்பது வழக்கூன்றியுள்ளது. ‘ஓப்பன்’ என்பதற்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் (2002) பெயரே சான்று. விலையின்மைக்கு ‘இலவசம்’ எழுத்து வழக்கிலும் ‘ஓசி’ பேச்சு வழக்கிலும் உள்ளன.

இனி ‘சோர்ஸ்’ என்னும் பகுதி. ‘மூலம்’ என்பது வேர், முதல்நூல், விண்மீன், நோய் எனப் பல பொருள் தருவதோடு, ‘அதன் மூலம்’ என உருபு போன்றும் வரும். ‘திறமூலம்’ வினைத்தொகையாகக் கருதத்தக்கதாயினும், ‘திறம் + மூலம்’ எனவும் பிரிக்க இடந்தரும். ‘திறவூற்று’ இனிய ஆக்கம். ஆனால் நிரலைச் சுட்டவில்லை. ‘திறந்த மூலநிரல்’ என்பது சற்று நீளமாயினும் ஐயமற்றது.

உரிம ஆவணங்களில் இத்தெளிவு இன்றியமையாதது. ‘இலவச மென்பொருள்’ எனப் பெயர்த்தால், பணம் கேட்கப்படாததையே படிப்பவர் அறிவார். மாற்றும் உரிமையையும், சில உரிமங்கள் விதிக்கும் கடப்பாட்டையும் அறியார். பொதுநிலை உரிமத்தின்கீழ் வந்த நிரலை மாற்றி வெளியிடுவோர், அதனை அதே உரிமத்தின்கீழ் மூலநிரலோடு வழங்கக் கடமைப்பட்டவர். சொல்லில் நேரும் பிழை ஈண்டு உரிமை இழப்பாகவும் கடமை மீறலாகவும் முடியும். ஆதலின் ‘இலவச’, ‘கட்டற்ற’, ‘திறந்த மூலநிரல்’ ஆகிய மூன்றையும் ஒன்றற்கொன்று மாற்றாக ஆளாமை நன்று.