பீடத்தின் முன் ஒரு பெயர்



குடும்பத்தின் மூத்த தாய் கண்மூடும் வேளை நெருங்கும்போது, பிள்ளைகளின் மனத்தில் எழும் கேள்விகளுள் ஒன்று, ‘அம்மாவை எங்கே அடக்கம் செய்வது?’ என்பதாகும். கி.பி. 387ஆம் ஆண்டு, உரோமையின் துறைமுக நகரான ஒஸ்தியாவில், நோயுற்றுக் கிடந்த தாயொருவரைச் சூழ்ந்து நின்ற பிள்ளைகளும் இதே கேள்வியை எதிர்கொண்டனர். அத்தாயே, ஓகஸ்ட் 27ஆம் நாள் நாம் விழாக் கொண்டாடும் புனித மொனிக்கா.

இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரில் வாழ்ந்தவர் அவர். கணவர் பத்ரீசியுஸ் கிறிஸ்தவரல்லர், முன்கோபி, மனைவிக்கு உண்மையாக வாழாதவர். வேலைக்காரிகளின் கோள்மொழியால் மாமியாரும் தொடக்கத்தில் மருமகளை வெறுத்தார். மொனிக்கா கோபத்தோடு கோபமாக மோதவில்லை. கணவரின் சினம் தணிந்த பின்னரே தம் பக்க நியாயத்தை எடுத்துரைத்தார். அநீதியைப் பெண் வாய்மூடிப் பொறுக்கவேண்டும் என்பதல்ல இதன் பொருள். சொல்லவேண்டியதைச் சொல்வதற்குரிய வேளையை அவர் அறிந்திருந்தார் என்பதே. காலப்போக்கில் மாமியார் அவரது அன்புக்குரியவரானார். கணவரும் தம் வாழ்வின் இறுதியில் திருமுழுக்குப் பெற்றார்.

இத்தாயிடம் மற்றொரு பண்பும் இருந்தது. பகைத்துக்கொண்ட இருவர் தனித்தனியே வந்து மனக்கசப்பைக் கொட்டும்போது, இருவரையும் ஒப்புரவாக்க உதவக்கூடியதை மட்டுமே அவர் மறுபக்கத்தவரிடம் எடுத்துச் சொல்வார். எஞ்சியதைத் தம் உள்ளத்திலேயே புதைத்துவிடுவார். இந்நற்பண்பைத் தம் ‘ஒப்புதல்கள்’ என்னும் நூலில் பதிவு செய்தவர் அவருடைய மகன் புனித அகுஸ்தினார்.

அந்த மகனுக்காக அவர் சிந்திய கண்ணீரை நாம் அறிவோம். 383ஆம் ஆண்டு, தாயிடம் பொய் சொல்லி, இரவோடிரவாக உரோமைக்குக் கப்பலேறினார் மகன். தாயோ கடல் கடந்து அவரைத் தேடி மிலான் நகர்வரை சென்றார். 387ஆம் ஆண்டு பாஸ்காத் திருவிழிப்பில், ஆயர் அம்புரோசியாரின் கரத்தால் அகுஸ்தினார் திருமுழுக்குப் பெற்றார். அதே ஆண்டில், ஊர் திரும்பும் வழியில், ஒஸ்தியாவில் காய்ச்சலுற்று, ஒன்பதாம் நாள் மொனிக்கா இறைவனடி சேர்ந்தார். அப்போது அவர் தம் வாழ்வின் 56ஆம் ஆண்டில் இருந்தார்.

கணவரின் அருகில் அடக்கம் செய்யப்படவேண்டும் என்று விரும்பி, தமக்கென ஒரு கல்லறையையே ஆயத்தப்படுத்தி வைத்திருந்தவர் அவர். தாய் அந்நிய மண்ணில் இறக்கலாகாது என மற்றொரு மகன் கவலையோடு கூறியபோது, மொனிக்கா அவரைக் கண்களால் கடிந்துகொண்டார். உடலை எங்கேயாவது அடக்கம் செய்யுங்கள். ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைவுகூருங்கள் என்பதே அவர் பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டது.

இவ்வேண்டுகோள் நம் மக்களின் நெஞ்சைத் தொடாமல் இராது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்தும், 2007இல் முள்ளிக்குளத்திலிருந்தும் எத்தனையோ தாய்மார் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அணைத்தபடி ஊரைவிட்டு வெளியேறினர். சிலர் திரும்பி வந்து தம் ஊர்ச் சேமக்காலையில் துயில்கின்றனர். வேறு சிலரின் கல்லறைகள் இடம்பெயர்ந்த ஊர்களிலும் கடல் கடந்த நாடுகளிலும் உள்ளன. கல்லறைத் திருநாளன்று அம்மம்மாவின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்ற இயலாத துயரம் எத்தனை குடும்பங்களில் உண்டு! அத்துயரத்தை இலேசாக எண்ணுவதற்கில்லை. ஆயினும், கடவுளுக்கு எந்த இடமும் தூரமானதல்ல என்று உறுதியாக நம்பிய மொனிக்கா, அத்தகையோருக்கும் ஆறுதலாக நிற்கிறார். கல்லறை தொலைவில் இருக்கலாம். பீடம் நம் பங்கிலேயே இருக்கிறது.

அகுஸ்தினார் தாயின் வேண்டுகோளை மறக்கவில்லை. தாய் இறந்து ஏறத்தாழ பத்து ஆண்டுகளின் பின் எழுதிய அந்நூலில், தாயைப் பற்றிப் பலவாறு கூறிய அவர், ‘மொனிக்கா’ என்னும் பெயரை ஒரேயொரு முறைதான் குறிப்பிடுகிறார். நூலை வாசிக்கும் அனைவரும் தம் தாயையும் தந்தையையும் பீடத்தில் நினைவுகூரவேண்டும் என மன்றாடும் இடமே அது.

அன்பார்ந்தவர்களே, 31ஆம் நாள் நினைவு மலரும் பத்திரிகை அஞ்சலியும் நல்லவையே. ஆனால், ஆண்டுகள் சென்றபின் நம் குடும்பத் தாயின் பெயர் திருப்பலியில் ஒலிக்கிறதா? அவர் பிரித்துக் கொடுத்த வளவுக்காகவே இன்று பேசாதிருக்கும் சகோதரர்கள், அவரது நினைவுத் திருப்பலியில் எப்படி ஒன்றாக நிற்பார்கள்? ஒப்புரவாக்கும் சொற்களை மட்டுமே எடுத்துச் சென்ற மொனிக்காவைப் போன்ற தாய் நமக்கும் இருந்திருந்தால், அவருக்குரிய மிகச் சிறந்த அஞ்சலி, பிரிந்திருக்கும் உடன்பிறப்பிடம் நாம் முதலில் சென்று பேசுவதேயாகும். அதன்பின் சேர்ந்து பீடத்தை அணுகுவோம். பேரப்பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுப்போம். நாளை அவர்கள் எந்த நாட்டில் வாழ்ந்தாலும், அங்குள்ள ஒரு பீடத்தின் முன் அப்பெயரைச் சொல்வார்கள்.