பேக் அப் வேறு, பேக் அவுட் வேறு: ஃபிரேஸல் வெர்ப் பற்றிச் சில குறிப்புகள்

மேக்கப், செக்கப், லாக்கப், பில்டப், செட்டப், கட்-அவுட், வாக்கவுட், டேக் ஆஃப். இங்கிலீஷே தெரியாது என்று சொல்பவர்கூட இதில் பாதியைத் தினமும் பேசுகிறார். "ரொம்ப பில்டப் கொடுக்காதே" என்பது இப்போது சுத்தமான மெட்ராஸ் தமிழ்! சினிமாக்காரர் சொல்லும் பேக்கப்பும் கம்ப்யூட்டர்காரர் சொல்லும் பேக்கப்பும் வேறு வேறு என்றுகூட நமக்குத் தெரியும். முதலாவது மூட்டை கட்டுவது, இரண்டாவது நகல் எடுத்து வைப்பது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே இயந்திரம்தான் ஓடுகிறது. ஒரு சின்ன வினைச்சொல், அதன் பின்னால் ஒரு சின்ன வால். மேக் + அப், செக் + அப், வாக் + அவுட். இதைத்தான் இங்கிலீஷ் இலக்கணத்தில் ஃபிரேஸல் வெர்ப் என்கிறார்கள். பெயர்ச்சொல்லாக வந்தால் நமக்குப் பயமில்லை. அதுவே வினையாக ஒரு வாக்கியத்தின் நடுவில் வந்தால்தான் தடுமாற்றம். ஒரு சின்ன அடையாளம் சொல்கிறேன்: பெயராக வரும்போது அழுத்தம் முதல் பகுதியில் விழும் (மேக்கப்). வினையாக வரும்போது அழுத்தம் வாலுக்குப் போய்விடும் (மேக் அப்). எழுதும்போதும் வினையைப் பிரித்துத்தான் எழுதுவார்கள்.

சிக்கல் எங்கே?

வினையின் அர்த்தத்தையும் வாலின் அர்த்தத்தையும் கூட்டினால் மொத்த அர்த்தம் வராது. அதுதான் சிக்கல். "லுக்" என்றால் பார். "ஆஃப்டர்" என்றால் பிறகு. "லுக் ஆஃப்டர்" என்றால் 'பிறகு பார்' இல்லை, 'கவனித்துக்கொள்'. (இலக்கணக்காரர்கள் இதைத் தனி வகையாகப் பிரிப்பதுண்டு. கற்பவருக்குத் தலைவலி ஒன்றுதான் என்பதால் இங்கே சேர்த்தே பார்ப்போம்.)

இது நம் ஊருக்கு மட்டுமான தலைவலி இல்லீங்க. சாமுவேல் ஜான்சன் 1755-ல் வெளியிட்ட தன் புகழ்பெற்ற அகராதியின் முன்னுரையிலேயே, இந்த வால் வினைகள்தான் வெளிநாட்டவரை மிகவும் சிரமப்படுத்தும் என்று எழுதிவிட்டார். அப்போது இதற்கு இந்தப் பெயர் இல்லை. 1925-ல் லோகன் பியர்சால் ஸ்மித் தன் புத்தகத்தில் 'ஃபிரேஸல் வெர்ப்' என்ற பெயரைப் பயன்படுத்தினார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி சொன்ன பெயர் அது என்றும் அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

தெரியாமல் தப்பிக்க முடியாதா?

"நான் 'டாலரேட்' என்றே சொல்லிக்கிறேன், எதுக்கு 'புட் அப் வித்'?" நியாயமான கேள்வி. நம்மில் பலர் அப்படித்தான் சமாளிக்கிறோம். நாம் மட்டுமில்லை. 1985-ல் டாகுட், லாஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஹீப்ரு பேசும் மாணவர்களை ஆராய்ந்தார்கள். அந்த மாணவர்கள் ஃபிரேஸல் வெர்பைத் தவிர்த்துவிட்டு ஒற்றைச் சொல் வினைக்கே ஓடினார்கள். ஹீப்ருவில் இந்த அமைப்பு இல்லாததுதான் காரணம் என்பது அவர்களின் முடிவு.

பேசும்போது இப்படித் தப்பிக்கலாம். கேட்கும்போதும் படிக்கும்போதும் முடியாது, ஏன்னா அங்கே சொல்லைத் தேர்ந்தெடுப்பவர் எதிராளி.

சாஃப்ட்வேர் வேலையில் நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாற்றத்தை சர்வரில் ஏற்றிய பிறகு கோளாறு தெரிந்தது. வாடிக்கையாளரிடமிருந்து ஒற்றை வரி மெயில்: "ப்ளீஸ் பேக் அவுட் த சேஞ்ச்." டூட்டியில் இருந்த தம்பி கெட்டிக்காரன்தான். ஆனால் அவன் கண்ணில் பட்டது 'பேக்' மட்டும். பேக்கப் என்று எடுத்துக்கொண்டு, பத்திரமாக நகல் எடுத்து வைத்துவிட்டு, "டன்" என்று பதில் போட்டான். 'பேக் அவுட்' என்றால் அந்த மாற்றத்தை நீக்கிப் பழைய நிலைக்குத் திருப்பு என்று அர்த்தம். கோளாறு விடியும்வரை ஓடிக்கொண்டே இருந்தது. மறுநாள் அவனைத் திட்டியவர்கள் யாரும் அவன் டெக்னாலஜி அறிவைக் குறை சொல்லவில்லை. மூன்றெழுத்து வால் ஒன்று மாறிப்போனது, அவ்வளவுதான்.

தமிழில் இது இல்லையா என்ன?

ஹீப்ரு மாணவர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. தமிழில் இதே வேலையைச் செய்ய வேறு ஒரு இயந்திரம் உண்டு: கூட்டுவினையும் துணைவினையும்.

தமிழ் கற்கும் ஒரு வெளிநாட்டுக்காரரிடம் 'விட்டுக்கொடு' என்று சொல்லிப் பாருங்கள். விடு, கொடு இரண்டும் அவருக்குத் தெரியும். இரண்டையும் கூட்டினால் என்ன வரும்? முழிப்பார். 'கண்டுபிடி' என்றால் பார்த்துப் பிடிப்பதா? 'பார்த்துக்கொள்' என்றால் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்வதா? அவருக்கு 'லுக் ஆஃப்டர்' தண்ணி பட்ட பாடு, 'பார்த்துக்கொள்' குழப்பம். நமக்கு நேர் எதிர்.

சில இடங்களில் இரண்டு மொழியும் கண்ணாடி பிம்பம் மாதிரி இருக்கும்:

- புட் ஆஃப்: தள்ளிப்போடு. 'புட்'தான் போடு, 'ஆஃப்'தான் தள்ளி.
- புட் ஆன்: போட்டுக்கொள். "புட் ஆன் யுவர் ஷர்ட்", சட்டையைப் போட்டுக்கோ.
- பாயிண்ட் அவுட்: சுட்டிக்காட்டு.
- த்ரோ அவே: தூக்கியெறி.

இங்கிலீஷில் வினை முதலில், வால் பின்னால். தமிழில் பெரும்பாலும் முக்கியச் செய்தி முன்னால், துணை பின்னால். வரிசை மாறுகிறதே தவிர யோசனை ஒன்றுதான்.

இன்னொரு வேடிக்கை. 'புட் ஆஃப்' பேச்சுவழக்கு, 'போஸ்ட்போன்' படித்தவர் பேச்சு என்று நினைக்கிறோம். அந்த 'போஸ்ட்போன்' லத்தீனிலிருந்து வந்தது. 'போஸ்ட்' என்றால் பின்னால், 'போனெரே' என்றால் வைப்பது. அதாவது அதுவும் தள்ளிப்போடுவதுதான்! நம்மிடமும் 'ஒத்திவைப்பு' என்று அறிக்கை வரும், வீட்டில் 'தள்ளிப் போட்டாச்சு' என்போம். வீட்டுப் பேச்சு தெரியாமல் அறிக்கை மொழி மட்டும் தெரிந்தவருக்கு ஊரில் பிழைப்பது கஷ்டம். ஃபிரேஸல் வெர்ப் தெரியாமல் இங்கிலீஷ் பேசுவதும் அப்படித்தான்.

வால்கள் என்ன சொல்கின்றன?

வால்கள் முழுக்கத் தான்தோன்றித்தனமானவை அல்ல. அடிக்கடி வரும் ஐந்தை மட்டும் பார்ப்போம்.

*அப்:* முழுசாக முடிப்பது. நம் 'விடு', 'தீர்', 'போ' செய்யும் வேலை. "ஈட் அப் யுவர் ரைஸ்", மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுடு. "த வெல் ட்ரைட் அப்", கிணறு வற்றிப்போச்சு.

*ஆன்:* விடாமல் தொடர்வது. நம் 'கொண்டே இரு'. "கேரி ஆன்", செய்துகொண்டே இரு. "ஹி வென்ட் ஆன் டாக்கிங்", அவர் பேசிக்கிட்டே போனார்.

*ஆஃப்:* ஒட்டியிருப்பதைப் பிரிப்பது, விலக்குவது. "டேக் ஆஃப் யுவர் ஷூஸ்", ஷூவைக் கழற்று. விமானம் தரையை விட்டுப் பிரிவதும் 'டேக் ஆஃப்'தான்.

*அவுட்:* உள்ளே இருப்பது வெளியே வருவது, அல்லது இல்லாமல் போவது. "ஐ ஃபவுண்ட் அவுட் த ட்ரூத்", உண்மையைக் கண்டுபிடிச்சேன். "வீ ரேன் அவுட் ஆஃப் கேஸ்", கேஸ் தீர்ந்துபோச்சு. இதற்கும் கிரிக்கெட் ரன் அவுட்டுக்கும் சம்பந்தமில்லை.

*டவுன்:* குறைவது, செயலிழப்பது. "டர்ன் டவுன் த டிவி", டிவி சத்தத்தைக் குறை. "த பஸ் ப்ரோக் டவுன்", பஸ் நடுவழியில நின்னுபோச்சு.

இது சட்டம் இல்லை, சாய்மானம். 'மேக் அப்' ஒன்றுக்கே பல அர்த்தம் உண்டு. "ஹி மேட் அப் எ ஸ்டோரி", அவன் கதை கட்டினான். "தே ஃபாட், பட் தே மேட் அப்", சண்டை போட்டாங்க, அப்புறம் ராசியாயிட்டாங்க. எந்த அர்த்தம் என்பதை வாக்கியம்தான் சொல்லும். அதனால்தான் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட வாக்கியமாகப் பிடிப்பது நல்லது.

'இட்' எங்கே உட்காரும்?

"டர்ன் ஆஃப் த ஃபேன்" சரி. "டர்ன் த ஃபேன் ஆஃப்" என்பதும் சரி. ஆனால் ஃபேனுக்குப் பதில் 'இட்' போட்டால் "டர்ன் இட் ஆஃப்" மட்டும்தான் சரி. 'டர்ன் ஆஃப் இட்' என்று சொல்ல மாட்டார்கள். 'லுக் ஆஃப்டர்' கதை வேறு. அதைப் பிரிக்கவே முடியாது: "லுக் ஆஃப்டர் ஹர்", அவளைப் பார்த்துக்கோ.

இதற்கு விதி பிடிக்க உட்கார்ந்தால் நாள் போய்விடும். சுலபமான வழி, ஒவ்வொன்றையும் கற்கும்போதே 'இட்' சேர்த்துக் கற்பது. நோட்டில் 'புட் ஆஃப்' என்று எழுதாமல் 'புட் இட் ஆஃப்' என்று எழுதுங்கள். 'லுக் இன்டு' என்று எழுதாமல் 'லுக் இன்டு இட்' என்று எழுதுங்கள். இட் எங்கே உட்காரும் என்பது வாயிலேயே பழகிவிடும்.

மாற்றிப் புரிந்தால் வம்பு வரும் ஜோடிகள்

- *கட் டவுன் / கட் அவுட்.* டாக்டர் "கட் டவுன் ஆன் சால்ட்" என்றால் உப்பைக் குறை. "கட் அவுட் சால்ட்" என்றால் அறவே நிறுத்து. நோயாளிக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.
- *புட் ஆஃப் / கால் ஆஃப்.* முதலாவது தள்ளிவைப்பு, இரண்டாவது ரத்து. "த இன்டர்வியூ ஹேஸ் பீன் கால்ட் ஆஃப்" என்று மெயில் வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.
- *கிவ் இன் / கிவ் அப்.* முதலாவது எதிராளிக்கு இணங்கிப் போவது. இரண்டாவது முயற்சியைக் கைவிடுவது. "ஹி கேவ் அப் ஸ்மோக்கிங்", சிகரெட்டை விட்டுட்டார்.
- *பாஸ் அவுட்.* இந்தியாவில் கல்லூரியை முடித்தோம் என்பதற்கு "ஐ பாஸ்ட் அவுட் இன் 2004" என்கிறோம். பிரிட்டனில் ராணுவம், போலீஸ் பயிற்சியை முடிப்பதற்கு இந்தச் சொல் உண்டு. மற்றபடி வெளிநாட்டுக் காதில் விழுவது '2004-ல் மயங்கி விழுந்தேன்' என்பதுதான். இன்டர்வியூவில் "ஐ கிராஜுவேட்டட் இன் 2004" என்றால் தொல்லையில்லை.

எத்தனை கற்க வேண்டும்?

அகராதியில் ஆயிரக்கணக்கில் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். 2007-ல் கார்ட்னர், டேவிஸ் இருவரும் 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸில் எண்ணிப் பார்த்தார்கள். மொத்த ஃபிரேஸல் வெர்ப் பயன்பாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெறும் 25 வினைகளில் அடங்கிவிட்டது. 100 வினைகளில் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது! கோ ஆன், கேரி அவுட், செட் அப், பிக் அப் எல்லாம் அந்தப் பட்டியலின் தலைப்பகுதியில் இருப்பவை. 2015-ல் கார்னியே, ஷ்மிட் இருவரும் 150 வினைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் உண்மையில் அதிகம் புழங்கும் அர்த்தங்களை மட்டும் வடிகட்டினார்கள். சராசரியாக வினைக்கு 2 அர்த்தம்தான் தேறியது.

ஆக, வாரத்துக்கு 5 என்று வைத்தால் 100 வினைக்கு 20 வாரம். முறை எளிது:

1. வினையை 'இட்' அல்லது 'ஹர்' சேர்த்து எழுதுங்கள்.
2. அர்த்தத்தைத் தமிழ்க் கூட்டுவினையால் எழுதுங்கள். 'கேரி இட் அவுட்' என்றால் செய்துமுடி. 'பிக் ஹர் அப்' என்றால் போய்க் கூட்டிக்கொண்டு வா.
3. உங்கள் வீட்டில் நடந்த விஷயத்தை வைத்து ஒரு வாக்கியம். "ஐ பிக் மை டாட்டர் அப் அட் ஃபோர்", நாலு மணிக்கு மகளைக் கூட்டிட்டு வருவேன். கைடு புத்தகத்து ஜானும் மேரியும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. நூறு கற்றாலும் நூற்றியொன்றாவது ஒரு நாள் வரும். அப்போது தலையாட்டிவிட்டுப் போகாதீர்கள். நீங்கள் புரிந்துகொண்டதை ஒற்றைச் சொல்லில் திருப்பிக் கேளுங்கள்: "டு யூ மீன், ரிமூவ் இட்?" ஐந்து விநாடிதான் ஆகும். இங்கிலீஷையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் இப்படித் திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்கிறார்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.